லேக் வியூ ரோட்டுல லேக் எங்க?

வணக்கம். அடுப்படில நின்னுக்கிட்டே கேக்கறவங்க, வண்டில போயிட்டே கேக்கறவங்க, எல்லாருக்கும் வணக்கம். "கம்ப்யூட்டர் விளையாட்டில் கல்வி"ன்னு தலைப்பு குடுத்து 10 நிமிஷம் ரேடியோல பேசச் சொன்னாங்க. தலைப்பு பெரிசு, நான் அவ்ளோ பெரிய ஆள் இல்ல. 22 வருஷம் ஸ்கூல்ல சயின்ஸ் எடுத்தேன், இப்ப வீட்ல உக்காந்து ஒரே ஒரு கேம் பண்ணிட்டிருக்கேன், அதுவும் இன்னும் முடிஞ்சபாடில்ல. அதைப் பத்தியே பேசிடறேன்.

நாங்க இருக்கறது வெஸ்ட் மாம்பலம். அங்க லேக் வியூ ரோடுன்னு ஒண்ணு இருக்கு, தெரியும் இல்லையா? ஒரு நாள் கீழ் வீட்டுப் பையனைக் கூட்டிட்டு ஆட்டோல போறேன், அப்ப அவனுக்கு ஒம்பது வயசு, போர்டைப் பாத்து எழுத்துக்கூட்டிப் படிச்சிட்டு "ஆன்ட்டி, லேக் வியூன்னா லேக் எங்க?"ன்னான். எனக்கு முன்னாடி ஆட்டோக்காரர் பதில் சொல்லிட்டார், "மழை வரட்டும் தம்பி, தெரியும்"ன்னு.

சிரிச்சோம். ஆனா அவர் சொன்னது நிஜம்தானே. மாம்பலம் ஏரி, நுங்கம்பாக்கம் ஏரின்னு சேந்தாப்ல நீளமா ஒரு ஏரி இருந்தது, இங்கிலீஷ்காரங்க லாங் டேங்க்னே பேர் வெச்சிருந்தாங்க. 1920கள்ல அந்தத் தண்ணியை வடிச்சுதான் தி.நகர் வந்தது. நாம தீபாவளிக்கு இடிச்சுக்கிட்டு நடக்கறோமே, அந்த இடம். நுங்கம்பாக்கத்துல லேக் ஏரியான்னு இன்னிக்கும் சொல்றோம், வள்ளுவர் கோட்டம் நிக்கறதும் ஏரி இருந்த இடம்தான். பேர் மட்டும் மிச்சம். அந்தப் பையன் கேட்ட கேள்விதான் என் கேம்.

கதை இதுதான். மீனுன்னு ஒரு பொண்ணு. ராத்திரி பூரா மழை. காலைல கண்ணு முழிச்சா தெரு இல்ல, ஏரி இருக்கு. மொட்டை மாடி இருந்த இடத்துல ஏரிக்கரை. கரை மேல அய்யனார் கோயில் மண் குதிரை ஒண்ணு, அது பேசுது. ஏரிக்குள்ள ஒரு பூதம், ஒரு சொட்டு வெளிய விடமாட்டேன்னு மிச்சத் தண்ணி வழியற கலங்கலை அடைச்சு வெச்சிருக்கு. மீனு கைல இருக்கறது ஒரு மஞ்சப்பை, வழில பொறுக்கற சாமானெல்லாம் அதுக்குள்ள போகும். இந்த மாதிரி கேம்ல சுடறது ஓடறது எதுவும் கிடையாது. படம் இருக்கும், மவுஸை வெச்சு எதையாவது கிளிக் பண்ணா பேசும், திறக்கும், பைக்குள்ள வரும். அந்தக் காலத்துல "கதவைத் திற"ன்னு டைப் அடிக்கணும், 1987ல வந்த மேனியாக் மேன்ஷன்ல திற, எடு, தள்ளுன்னு வார்த்தைங்களைக் கீழ வரிசையா வெச்சு கிளிக் பண்ண விட்டாங்க, அதுலேந்து இந்த ஸ்டைல் பிடிச்சுக்கிச்சு. போதும், வரலாறு இவ்ளோதான்.

குதிரையைப் பத்தி ஒண்ணு சொல்லணும். படம் வரையறது என் தங்கச்சி பொண்ணு. முதல் படத்துல குதிரைக்கு ஒரு காது இல்ல. "ஐயோ பெரியம்மா, மறந்துட்டேன், நாளைக்குப் போட்டுத் தரேன்"ன்னா. வேணாம்டி, அப்படியே இருக்கட்டும்னேன். இப்ப கேம்ல அந்தப் பக்கம் நின்னு என்ன கேட்டாலும் குதிரை "ஆங்?" "ஆங்?"னு சொல்லும், சுத்திப் போய் நல்ல காதுப் பக்கம் நின்னாதான் பதில் வரும். பசங்களுக்கு அது ஒண்ணு போதும், பத்து தடவை வேணும்னே தப்பான பக்கம் நின்னு கேப்பாங்க.

இப்ப விஷயத்துக்கு வரேன், இதைச் சொல்லத்தான் வந்தேன். நான் டீச்சர், புத்தி எங்க போகும். முதல்ல பண்ணப்ப குதிரை வழியை மறிச்சு நிக்கும், கேள்வி கேக்கும். "மதகு என்றால் என்ன?" ஏ, பி, சி. சரியா சொன்னா வழி விடும். எனக்கு ஒரே பெருமை. அந்தக் கீழ் வீட்டுப் பையனைக் கூப்பிட்டு உக்கார வெச்சேன். அவன் கேள்வியைப் படிக்கவே இல்ல. ஏ தட்டினான், குதிரை தலையாட்டுச்சு. பி தட்டினான், வழி விட்டுச்சு. நாலு செகண்டு. சாயங்காலம் கேட்டேன், "கண்ணா, மதகுன்னா என்னடா?" யோசிச்சே பாக்கல. "பி, ஆன்ட்டி."

பி!

ரெண்டு நாள் எனக்குத் தூக்கம் வரல. 22 வருஷம் நான் கிளாஸ்ல இதைத்தானே பண்ணேன்னு தோணிடுச்சு. கல்வி கேம்னு கடைல வர்றதுல முக்காவாசி இதுதாங்க, நடுவுல ஒரு கேள்வி, அப்பறம் ஒரு ஜம்ப்பு, மறுபடி ஒரு கேள்வி. கசப்பு மருந்தைத் தேன்ல குழைச்சுக் குடுக்கற மாதிரி. பசங்க தேனை நக்கிட்டு மருந்தைத் துப்பிடுவாங்க, நாமளும் சின்ன வயசுல அதைத்தானே பண்ணோம். அமெரிக்கால 1985ல கார்மென் சான்டியேகோன்னு ஒரு கேம் வந்தது, ஊர் ஊரா ஓடற திருடங்களைத் துரத்தணும், எந்த நாட்டுக்கு ஓடினான்னு பிடிக்க அந்த நாட்டுப் பணத்துக்கு என்ன பேரு, கொடி என்ன கலருன்னு தெரியணும். டப்பாக்குள்ளயே தடியா ஒரு தகவல் புஸ்தகம் வெச்சு வித்தாங்க. பசங்க அந்தப் புஸ்தகத்தை ஆசையா புரட்டினாங்க. ஏன்? திருடனைப் பிடிக்கணுமே! பரீட்சைக்கு இல்ல. திரும்பச் சொல்றேன், பாடம் பூட்டா இருக்கக் கூடாது, சாவியா இருக்கணும்.

கேள்வியெல்லாம் தூக்கிப் போட்டேன். இப்ப என்ன பண்ணியிருக்கேன்னா, ஏரி நிறைஞ்சு போச்சு, மழை விடல, கரைல ஒரு இடத்துல கசியுது. மீனு என்ன பண்ணணும்? கலங்கல்னா தெரியுமா, ஏரி நிறைஞ்சா மிச்சத் தண்ணி தானா வழியறதுக்குக் கரைல ஒரு பக்கம் தாழ்வா கல்லு கட்டி விட்டிருப்பாங்க. அது மேல குத்துக்கல்லு நட்டிருக்கும். கல்லுக்கு நடுவுல பலகை, மண்ணு வெச்சு அடைச்சா இன்னும் கொஞ்சம் தண்ணி நிக்கும். பூதம் அதைத்தான் அடைச்சு வெச்சிருக்கு. அப்ப அடைப்பை எடுத்துட்டா போச்சு, இல்ல? எல்லாப் பசங்களும் அதைத்தான் பண்ணாங்க. எடுத்தா தண்ணி சரசரன்னு போய் கீழ இருக்கற ஏரில விழும், அங்க ஏற்கனவே கழுத்து வரைக்கும் தண்ணி, ஊருக்குள்ள பூந்துடும். ஏன்னா நம்ம ஊர் ஏரிங்க தனித்தனியா கெடக்கறது இல்ல, ஒரு ஏரி வழிஞ்சா அடுத்தது, அது வழிஞ்சா அதுக்கு அடுத்தது, படிக்கட்டு மாதிரி. அதனால மீனு முதல்ல கீழ ஏரிக்குப் போகணும், அங்க மதகை, அதான் ஏரித் தண்ணியை வெளிய விடற கதவை, திறக்க வைக்கணும், அப்பறம்தான் மேல வந்து பலகையைத் தொடணும். தப்பு பண்ணா செத்துப் போறது, முதல்லேந்து ஆடறது எல்லாம் என் கேம்ல இல்ல. குதிரை பெருமூச்சு விடும், தண்ணி பழைய இடத்துக்கு வரும், திரும்ப யோசி, அவ்ளோதான்.

இதை வெச்சு என்ன ஆச்சு தெரியுமா. போன மழைக்கு டிவில நியூஸ் ஓடுது, நமக்குத்தான் மனப்பாடமா தெரியுமே, செம்பரம்பாக்கம் மொத்தம் 24 அடி, இப்ப இத்தனை அடி, உபரி நீர் திறப்புன்னு. அதே பையன், "பி" சொன்ன அதே பையன், "ஆன்ட்டி, திறக்கறாங்களே, கீழ ஏரில இடம் இருக்கான்னு பாத்தாங்களா?"ன்னான். அங்க கீழ ஏரி இல்லடா, அடையாறு, அப்பறம் கடல்னேன். "அடையாறுல இடம் இருக்கா?"ன்னான். 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பாத்தவங்க யாராவது இதுக்குப் பதில் சொல்லுங்க.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி ரெண்டு விரல் காட்டறார், ரெண்டு நிமிஷம்தான் இருக்காம். அடடா, குமிழித் தூம்புக்கே வரலியே, அதைத்தான் கடைசில நிதானமா சொல்லணும்னு குறிச்சு வெச்சிருந்தேன். சீக்கிரம் சொல்லிடறேன். பழைய ஏரிங்கள்ல தண்ணிக்கு நடுவுல ரெண்டு கல்தூண் நிக்கும் பாருங்க, அதான் குமிழித் தூம்பு, அதுக்கு அடில தண்ணி போற ஓட்டை, நீரோடி, அதுக்கும் கீழ சின்னதா சேறோடி, தண்ணி போற வேகத்துல சேத்தையும் சேத்து இழுத்துட்டுப் போயிடும். ஆள் முங்கிப் போய்த் திறப்பாங்க. கேம்ல கடைசி முடிச்சு அதுதான், பூதம் ஏன் கோவமா இருக்குன்னா அது மேல அத்தனை வருஷத்துச் சேறு.

அப்பறம் தமிழ் எழுத்து. கேம் பண்ற சாஃப்ட்வேர்ல எங்களது கோடோன்னு (Godot) ஒண்ணு, இலவசம், ஆனா நாங்க ஆரம்பிச்ச பழைய வெர்ஷன்ல கொம்பெல்லாம் இடம் மாறி நிக்கும், "குதிரை"ல ரகரத்துக்கு முன்னாடி வரவேண்டிய கொம்பு பின்னாடி போய் நிக்கும். மாசக்கணக்கா வசனத்தையெல்லாம் படமா வரைஞ்சு ஒட்டினோம், 2023ல நாலாவது வெர்ஷன் வந்தப்பறம்தான் சரியாச்சு. இப்ப பண்றவங்க நேரா அதுல ஆரம்பிங்க.

குரலைப் பத்தி... ஒரு விரல் காட்டறார். குதிரைக்குப் பேசினது எங்க வாட்ச்மேன் அண்ணன், செங்கல்பட்டு பக்கம், அவங்க ஊர் ஏரில சின்ன வயசுல முங்கினவர். "ஆங்?"னு அவர் சொல்றப்ப பின்னாடி லிஃப்ட் கதவு சாத்தற சத்தமும் சேந்து பதிவாயிடுச்சு, எடுக்கவே முடியல, விட்டுட்டோம். வணக்கம்.