அனுபவம் இல்லாதவர் ரெஸ்யூமில் என்ன எழுதுவது?

"பி.காம். முடித்திருக்கிறேன், எங்கும் வேலை பார்த்ததில்லை, ரெஸ்யூமில் பாதிப் பக்கம் காலியாகவே இருக்கிறது, அதை எப்படி நிரப்புவது?" என்று தென்காசிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்.

தம்பி, நீங்கள் அனுப்பிய தாளைப் படித்தேன். மதம், சாதி, ஆதார் எண் மூன்றையும் முதலில் எடுத்துவிடுங்கள். கணக்கு எழுத ஆள் தேடுபவருக்கு அவை தேவையில்லை. ஆதார் எண்ணை முன்பின் அறியாதவர்களுக்கு அனுப்புவது ஆபத்தும்கூட. 'கடின உழைப்பாளி', 'எதையும் விரைவில் கற்றுக்கொள்பவர்' என்பவற்றையும் நீக்கலாம், ஏனெனில் எல்லோரும் அதையே எழுதுவதால் படிப்பவர் கண் அங்கே நிற்பதில்லை.

ஆனால் உங்கள் கடிதத்தின் கடைசி வரியில், மூன்று வருடமாக மாலை நேரங்களில் அப்பாவின் மளிகைக் கடையில் பற்று வரவு நோட்டை எழுதுவது நீங்கள்தான் என்று போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்கள். அது ஏன் ரெஸ்யூமில் இல்லை? சம்பளம் வாங்காததால் அதை வேலை என்று நீங்கள் கருதவில்லை போலிருக்கிறது. எந்த ஆண்டிலிருந்து கடையில் இருக்கிறீர்கள், எத்தனை வாடிக்கையாளர்களின் பாக்கியைப் பராமரிக்கிறீர்கள், மொத்த வியாபாரி அனுப்பும் பில்லை இறங்கிய சரக்கோடு ஒப்பிட்டுப் பார்ப்பதும் நீங்கள்தானா என்பவற்றை மூன்று வரிகளில், எளிய ஆங்கிலத்தில் எழுதுங்கள். பில்லில் பத்து மூட்டையும் லாரியில் ஒன்பது மூட்டையும் இருந்தால் என்ன செய்வீர்கள் என்று நேர்காணலில் கேட்டால், இணையத்திலிருந்து எடுத்து ஒட்டிய வாசகத்தை வைத்து யாராலும் பதில் சொல்ல முடியாது, உங்களால் முடியும்.

கணக்கு எழுதும் மென்பொருளான டேலி படித்ததாகக் குறிப்பிட்டால், அதில் ஜிஎஸ்டி பில் போடத் தெரியுமா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். தட்டச்சில் தேறியிருந்தால் இளநிலையா முதுநிலையா, எந்த மொழி என்று தெளிவாகச் சொல்லுங்கள். நாட்டு நலப்பணித் திட்டத்தின் 7 நாள் முகாமில் நீங்கள் பொறுப்பேற்றுச் செய்த வேலை ஏதேனும் இருந்தால் மட்டும் அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அரியர் இருந்தால் மறைக்காதீர்கள், சான்றிதழ் சரிபார்ப்பின்போது அது எப்படியும் தெரிந்துவிடும். கோப்பைப் பிடிஎஃப்-ஆக மாற்றி, உங்கள் பெயரையே அதற்கு வையுங்கள். பக்கத்தில் சிறிது இடம் மிஞ்சினாலும் குறையில்லை.

இன்று மாலை அந்த நோட்டை எடுத்து, எத்தனை பேர் கணக்கு இருக்கிறது என்று எண்ணிப் பார்த்து எழுதி, திருத்திய தாளை எனக்கு மறுபடி அனுப்புங்கள், படித்துவிட்டுச் சொல்கிறேன்.