வண்டிக்கூலி யார் காசு?

நேயர்களுக்கு வணக்கம். விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் நடக்கும் சரித்திர நாவல்களைப் பற்றி இரண்டு வாசகர்களைக் கேட்டால் மூன்று அபிப்பிராயம் வரும். "கரிப்புகை மூக்கில் ஏறியது, கீழே வைக்க மனமில்லை" என்பார் ஒருவர். "இன்றைய பெண்ணுக்குப் பழைய கவுனை மாட்டிவிட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்" என்பார் மற்றவர். இருவரும் படித்தது ஒரே புத்தகமாக இருக்கும்.

விக்டோரியா காலம் என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். 1837 முதல் 1901 வரை, அறுபத்து மூன்று ஆண்டுக்கும் மேல். பாட்டி காலமும் பேத்தி காலமும் அதற்குள் அடங்கிவிடும். அதனால் தேதிப் பிழைகள் சுலபமாக நுழைகின்றன. 1870-இல் நடக்கும் கதையில் லண்டன் துப்பறிவாளர் கைரேகையை வைத்துக் கொலைகாரனைப் பிடிப்பார். ஸ்காட்லாந்து யார்டில் கைரேகைப் பிரிவு தொடங்கியதே 1901-இல், ராணி இறந்த பிறகு. நம் கல்கத்தாவில் அது 1897-லேயே வந்துவிட்டது என்பது வேறு கதை. இந்த மாதிரிப் பிழைகளைப் பலர் கவனிப்பதுகூட இல்லை. கவனித்தவர்களும் கதை நன்றாக இருந்தால் மன்னித்துவிடுகிறார்கள்.

சில சமயம் வாசகர் கையில் இருக்கும் அளவுகோலே கோணலாக இருக்கிறது. அந்தக் காலத்தவர் பியானோவின் கால்களுக்குக்கூட வெட்கப்பட்டு உறை மாட்டினார்கள் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அதை நம்புகிற வாசகர், நாவலில் ஒரு பாத்திரம் உடம்பைப் பற்றிக் கொஞ்சம் வெளிப்படையாகப் பேசினால் "இது நடந்திருக்காது" என்று புத்தகத்தை மூடிவிடுகிறார். அந்தப் பியானோ எங்கே இருந்தது தெரியுமா? அமெரிக்காவில், ஒரு பெண்கள் பள்ளியில். காப்டன் மாரியட் என்ற ஆங்கிலேய எழுத்தாளர் 1839-இல் வெளியிட்ட பயணக் குறிப்பில், அந்தப் பியானோவின் நான்கு கால்களுக்கும் ஜாலர் வைத்த கால்சட்டை போட்டிருந்ததாக எழுதினார். ஆங்கிலேயர்கள் அதைப் படித்து அமெரிக்கர்களைப் பார்த்துச் சிரித்தார்கள். பின்னால் வந்தவர்கள் அந்தக் கால்சட்டையை எடுத்து ஆங்கிலேயர்களுக்கே மாட்டிவிட்டார்கள்!

இனி, வாசகர்கள் அதிகம் சண்டை போடும் இடத்துக்கு வருகிறேன்: துணிச்சலான கதாநாயகி. அவள் இன்றைய பெண் மாதிரி யோசிக்கிறாள் என்பது குற்றச்சாட்டு. யோசிக்கட்டுமே! அப்படி யோசித்த பெண்கள் அன்றும் இருந்தார்கள். பார்க்க வேண்டியது அவள் கைப்பை. 1855-இல் கணவனை விட்டு இரவோடு இரவாகக் கிளம்புகிறாள். வாசலில் வண்டி நிற்கிறது. வண்டிக்கூலி யார் காசு?

இங்கிலாந்துச் சட்டப்படி அன்று மனைவி சம்பாதித்த கூலியும் கணவனுடையது. 1870-இல் வந்த சட்டம்தான் அவள் சம்பாத்தியத்தை அவளுக்கே விட்டது. மற்ற சொத்துகளையும் தன் பெயரில் முழுமையாக வைத்துக்கொள்ள 1882-ஆம் ஆண்டுச் சட்டம் வரவேண்டியிருந்தது. பணக்கார வீடுகளில் கல்யாணத்துக்கு முன்பே பத்திரம் எழுதி, பெண்ணின் சொத்தைக் கணவன் கைக்குப் போகாமல் தர்மகர்த்தாக்கள் பொறுப்பில் விடுவது உண்டு. நாவலாசிரியர் அந்த ஒரு வரியைப் போட்டிருந்தால் வண்டிக்கூலிக்கு வழி பிறந்திருக்கும். விவாகரத்துக்கும் இதே நிலைமைதான். 1857-ஆம் ஆண்டுச் சட்டத்தில் மனைவியின் கள்ள உறவு ஒன்றே கணவனுக்குப் போதும். மனைவிக்கு அது போதாது, அதோடு கொடுமை, கைவிடல் என்று இன்னொன்றையும் நிரூபிக்க வேண்டும். திரும்பவும் சொல்கிறேன், அவள் என்ன நினைக்கிறாள் என்பதை விடுங்கள், வண்டிக்கூலி யார் காசு என்று பாருங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத நாவல்தான் வேஷம் கட்டிய நாடகமாகத் தெரிகிறது, காரணம் சொல்லத் தெரியாத வாசகருக்கும்.

காசு என்றதும் கணக்கு வந்துவிடுகிறது. வீட்டுப் பெரியவர்கள் அணாக் கணக்கு சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அங்கே 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் கவர்னஸ் ஒருத்திக்குச் சாப்பாடு, இடம் போக ஆண்டுக்கு 30 பவுண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். 1847-இல் வெளிவந்த 'ஜேன் அயர்' நாவலின் நாயகிக்கு அதுதான் சம்பளம். மாதம் 50 ஷில்லிங் ஆகிறது. மூன்று பாகமாக வரும் புது நாவலின் விலை 31 ஷில்லிங் 6 பென்ஸ். அவள் அறையில் அலமாரி நிறையப் புது நாவல்கள் இருந்தால் ஆசிரியர் கணக்குப் போடவில்லை என்று அர்த்தம். மூடி என்பவரின் வாடகை நூலகத்தில் ஆண்டுக்கு 21 ஷில்லிங் கட்டி, ஒரு தடவைக்கு ஒரு பாகமாக எடுத்திருப்பார்கள். ஒரே நாவலின் மூன்று பாகத்தை மூன்று பேருக்குக் கொடுக்கலாம் என்பதால் நூலகக்காரருக்கும் லாபம்.

அந்த நாவல்களைப் பார்த்து எழுதுகிறவர்கள் இன்றும் எண்ணூறு பக்கம் எழுதுகிறார்கள், வாசகர்கள் "இழுவை" என்கிறார்கள். பழைய நாவல்களில் பலவற்றை மாதம் ஒரு ஷில்லிங் கொடுத்து, பத்தொன்பது மாதம் காத்திருந்து படித்தார்கள். நம் வாரப் பத்திரிகைத் தொடர்கதை மாதிரி. அதை இரண்டு நாள் விடுமுறையில் முடிக்கப் பார்த்தால் அலுக்கத்தான் செய்யும்.

உரையாடல் நடை பற்றி நிறையச் சொல்ல நினைத்தேன், நேரம் நெருங்கிவிட்டது. நம் சரித்திர நாவல்களில் ராஜாக்கள் செந்தமிழ் பேசுவார்கள் அல்லவா, அதுபோல விக்டோரியா காலத்துப் பாத்திரங்களும் சொற்களைச் சுருக்காமல், இலக்கண சுத்தமாகப் பேச வேண்டும் என்று சிலர் எதிர்பார்க்கிறார்கள். அந்தக் காலத்து நாவலாசிரியர் டிக்கன்ஸைப் புரட்டினால் பேச்சுச் சுருக்கங்கள் பக்கத்துக்குப் பக்கம் கிடைக்கும். முடிவு விஷயத்திலும் தகராறு உண்டு. ஆங்கில எழுத்தாளர் ஜான் ஃபவுல்ஸ் 1969-இல் வெளியிட்ட 'தி ஃபிரெஞ்ச் லெப்டினன்ட்ஸ் உமன்' நாவலின் கதை 1867-இல் தொடங்குகிறது. கடைசியில் ஒன்றுக்கு மேற்பட்ட முடிவு கொடுத்து, வாசகரையே யோசிக்க வைக்கிறார். எந்த முடிவு சரி என்பதற்கு இன்னும் பத்து நிமிஷமாவது வேண்டும், எனக்கு இருப்பது அரை நிமிஷம். வணக்கம்.