கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமா?

(கொடைக்கானலில் தேசிய அறிவியல் நாள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சில் விட்டுப்போன ஆண்டுகளை மட்டும் எழுதும்போது சேர்த்திருக்கிறேன்.)

விழாத் தலைவர் ஐயா அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் நகர்மன்ற உறுப்பினர் பெருமக்களே, தோட்டக்கலைத் துறையிலிருந்து வந்திருக்கும் அம்மையார் அவர்களே, சூரிய ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றபின்னும் இந்த மலையை விட்டு இறங்க மனமில்லாத பெரியவர்களே, பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சியிலிருந்து காலை பஸ்ஸைப் பிடித்து வந்திருக்கும் விவசாயிகளே, குளிரில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மாணவச் செல்வங்களே, எல்லோருக்கும் வணக்கம்.

பொன்னாடைக்குப் பதிலாக எனக்கு ஒரு கட்டு மலைப்பூண்டு கொடுத்தார்கள். வீட்டில் பொன்னாடையைவிட இதற்குத்தான் நல்ல வரவேற்பு இருக்கும். விழாக் குழுவுக்கு நன்றி. வாழ்த்துரை வழங்கிய மூவரும் ஆளுக்கு ஐந்து நிமிடம் என்று ஆரம்பித்து என் நேரத்தில் பாதியைச் சாப்பிட்டுவிட்டார்கள். பெரியவர்கள், சாப்பிடட்டும்.

அழைப்பிதழில் என் தலைப்பு, 'அறிவியல் தொழில்நுட்பக் கொள்கைக்கான முன்னோக்கு ஆய்வும் திட்டமிடலும்'. அச்சடித்தவர் மூச்சு வாங்கியிருப்பார். அடுத்த இருபது, முப்பது வருஷத்தில் என்ன வரலாம் என்று இன்றே பார்த்து, அதற்குத் தக்கபடி திட்டம் போடுவது, விஷயம் அவ்வளவுதான். மூன்று செய்திகள் சொல்கிறேன். இந்தப் படிப்பு எதற்கு என்பது ஒன்று. எப்படிச் செய்கிறார்கள் என்பது இரண்டு. எங்கே படிக்கலாம் என்பது மூன்று.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் நான் இந்தப் பழமொழியைத்தான் சொல்கிறேன் என்று என் மீது ஒரு புகார் உண்டு. இந்த ஊரில் சொல்ல எனக்குத் தனி உரிமை இருக்கிறது. 1876இல் ஆரம்பித்த தாது வருஷப் பஞ்சத்தில் இந்த மாகாணத்தில் லட்சக்கணக்கில் ஜனங்கள் செத்தார்கள். அதன் பிறகுதான் வெள்ளைக்காரனுக்கு யோசனை வந்தது. மழை ஏன் பொய்க்கிறது, சூரியனில் தெரியும் கரும்புள்ளிகளுக்கும் பருவமழைக்கும் தொடர்பு உண்டா, சூரியனைத் தினமும் பார்த்தால் அடுத்த பஞ்சம் முன்கூட்டித் தெரியுமா? கமிஷன் போட்டார்கள், அறிக்கை எழுதினார்கள், கமிட்டி கூடியது. 1899இல் நம் கொடைக்கானலில் ஆய்வுக்கூடம் வந்தது. பஞ்சம் வந்து இருபது வருஷத்துக்கு மேல் கழிந்துவிட்டது! கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பதற்கு உலகத்திலேயே கட்டடம் கட்டி வைத்திருக்கும் ஊர் நம்முடையதுதான்.

சிரிக்கிறீர்கள். மீதியையும் கேளுங்கள். அவர்கள் தேடி வந்த மழைக் கணக்கு கைக்கு வரவில்லை. ஆனால் 1909இல் ஜான் எவர்ஷெட் என்ற ஆங்கிலேய வானியலாளர் இங்கேதான், கரும்புள்ளியில் வாயு மையத்திலிருந்து வெளிப்பக்கமாக ஓடுவதைக் கண்டுபிடித்தார். இன்றைக்கும் உலகம் அதை எவர்ஷெட் விளைவு என்கிறது. 1904 முதல் வானம் தெளிந்த நாளெல்லாம் சூரியனைப் படம் எடுத்து வைத்திருக்கிறார்கள். எத்தனையோ வருஷம் கண்ணாடித் தகட்டில், பிறகு பிலிமில், இப்போது கம்ப்யூட்டரில். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட இந்த வரிசை உலகத்தில் அரிது. 2023இல் சூரியனை ஆராய ஆதித்யா விண்கலம் கிளம்பியபோது அதன் முக்கியமான கருவியைச் செய்து கொடுத்ததும் இந்த ஆய்வுக்கூடத்தை நடத்தும் இந்திய வான் இயற்பியல் நிறுவனம்தான். தினமும் பதிவு செய்தவனிடம்தான் நாளைக்குப் பேச ஏதாவது இருக்கும். இதைக் கொஞ்சம் மனதில் வையுங்கள், திரும்ப வருவேன்.

ஊராட்சித் தலைவி அம்மா இப்போதுதான் வருகிறார்கள். வாங்கம்மா, முன்னாலேயே இடம் இருக்கிறது. தம்பி, அந்த நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்து. ரோட்டில் வண்டி நெரிசல் என்கிறார்கள். அதுவும் நம் தலைப்பில் வரும் விஷயம்தான்.

இனி, எப்படிச் செய்கிறார்கள் என்பது. ஜப்பான்காரர்கள் 1971இலிருந்து சுமார் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை, அடுத்த முப்பது வருஷத்தில் எந்தத் தொழில்நுட்பம் எப்போது கைக்கு வரும் என்று ஆயிரக்கணக்கான நிபுணர்களைக் கேட்கிறார்கள். அதற்கு டெல்ஃபி முறை என்று பெயர். அமெரிக்காவின் ராண்ட் ஆராய்ச்சி நிறுவனத்தில் 1950களில் உருவானது. நிபுணர்களை ஒரே அறையில் உட்கார வைக்கமாட்டார்கள். பெயர் போடாமல் எழுதி வாங்கி, எல்லோருடைய பதிலையும் தொகுத்து அவர்களுக்கே அனுப்பி, 'இதைப் பார்த்தபின் உங்கள் கருத்து மாறுகிறதா' என்று மறுபடி கேட்பார்கள். ஏன் இந்தச் சுற்று என்று கேட்பீர்கள். எங்கள் பக்கத்து டீக்கடையில் நடந்ததைச் சொன்னால் புரியும்.

ஒரு வருஷம் வடுகபட்டிச் சந்தையில் பூண்டு விலை எகிறியது. ஊரே அடுத்த போகத்துக்கும் பூண்டுதான் என்று துடித்தது. விதைப்பூண்டு கடன் கேட்டு அலைந்தார்கள். டீக்கடை பெஞ்சில் பெரிய தோட்டக்காரர் ஒருவர் இருக்கிறார். பெயர் வேண்டாம், அவருடைய மருமகன் இங்கே உட்கார்ந்திருக்கலாம். கிளாஸை உருட்டிக்கொண்டே, "விலை இன்னும் ஏறும்ப்பா, எழுதி வச்சுக்க" என்றார். அவ்வளவுதான். "ஆமாங்கய்யா", "அய்யா சொன்னா சரிங்க", "ஏறத்தானே செய்யும்". ஒருவர் மட்டும் வாயைத் திறந்தார், அய்யா திரும்பிப் பார்த்ததும் வடையைக் கடித்துக்கொண்டார். எங்கள் ஊர் ஓய்வு பெற்ற வாத்தியார் மூலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர், பழைய பரீட்சைத் தாளைத் துண்டு துண்டாகக் கிழித்தார். "பேர் போட வேணாம். ஏறுமா, விழுமா, அது மட்டும் எழுதி இந்த பிஸ்கட் டப்பால போடுங்க." எழுதத் தெரியாதவர் ஏறினால் கோடு, விழுந்தால் வட்டம் என்று ஏற்பாடு. டப்பா சுற்றி வந்தது. வாத்தியார் ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்தார். விழும். விழும். வட்டம். விழும். வட்டம். பெஞ்சில் சத்தமே இல்லை. கடைசியில் ஒரு சீட்டு, முத்து முத்தான எழுத்தில், 'விழும்'. பச்சை மையில்! எங்கள் ஊரில் பச்சை மைப் பேனா ஒரே ஒருவர் சட்டைப் பையில்தான் இருக்கும். ஊருக்கு 'ஏறும்' என்று சொல்லிவிட்டு, மனுஷன் தன் காட்டுக்கு கேரட் விதை வாங்கி வைத்திருந்தார்.

(கைதட்டல் அடங்க நேரம் ஆனது. மருமகன் வந்திருந்தாரா என்பது கடைசிவரை தெரியவில்லை.)

இதுதான் டெல்ஃபி. பெரியவர் முகத்தைப் பார்த்துச் சொல்லும் கருத்து கொள்கைக்கு உதவாது.

இன்னொரு முறை, நடக்கக்கூடிய எதிர்காலங்களை மூன்று நான்காக எழுதிப் பார்ப்பது. 1970களின் தொடக்கத்தில் ஷெல் எண்ணெய் நிறுவனத்தில் பியர் வாக் என்பவர் எண்ணெய் விலை திடீரென்று ஏறும் ஒரு காட்சியை எழுதி மேலாளர்கள் கையில் கொடுத்தார். 1973இல் நெருக்கடி வந்தபோது அவர்கள் பதறவில்லை. நம் நாட்டிலும் இந்த வேலைக்கென்று 1988இல் டைஃபாக் என்ற அமைப்பு வந்தது. நம் ராமேஸ்வரத்து அப்துல் கலாம் அதன் தலைவராக இருந்து 2020க்கான தொலைநோக்கை 1996இல் தந்தார். அதன் கதை பெரிது, இங்கே வேண்டாம்.

பார்க்கத் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு நீலகிரியைப் பாருங்கள். தூசில்லாத குளிர்ந்த காற்று வேண்டும் என்று 1960இல் ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொடங்கினார்கள். எக்ஸ்ரே பிலிமும் போட்டோ பேப்பரும் நாடெங்கும் போயின. 1975இலேயே, பிலிம் விற்றே வளர்ந்த அமெரிக்காவின் கோடாக் கம்பெனியின் கூடத்தில் பிலிம் இல்லாத கேமரா செய்துவிட்டார்கள். செய்த கோடாக்கே அதை நம்பாமல் 2012இல் திவாலுக்குப் போனது. ஊட்டித் தொழிற்சாலையும் மூடியாகிவிட்டது. அந்தத் தொழிலாளிகளின் கைத்திறனில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அடுத்த இருபது வருஷத்தைப் பார்ப்பது யார் வேலை என்று யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை. கண் கெட்ட பிறகுதான் நமஸ்காரம்.

நம் மலைக்கு வருகிறேன். 2006இலும் 2018இலும் குறிஞ்சி பூத்தது. அடுத்து 2030. எந்த நிபுணரையும் கேட்காமல் தேதி போடக்கூடிய எதிர்காலம் இது. அந்த வருஷம் வரப்போகும் கூட்டத்துக்குத் தண்ணீர் எங்கே, கழிப்பறை எங்கே, குப்பை எங்கே போகும்? வாகனத்தை எண்ணுவதற்கே உயர் நீதிமன்றம் சொல்லி 2024 மே மாதம் இ-பாஸ் வந்தது. அதுவரை எத்தனை வண்டி ஏறுகிறது என்று நம்மிடம் ஒழுங்கான கணக்கு இருந்ததா?

தண்ணீர்க் கணக்கு அதைவிட மோசம். மலையின் கிழக்குச் சரிவுக்கு ஐப்பசி, கார்த்திகை மழை முக்கியம். மேற்கே பேரிஜம் பக்கம் தென்மேற்குப் பருவமழையும் சேர்ந்து கொட்டும். ஊருக்கு ஊர் மழை வேறு. ஆனால் பூம்பாறைப் பெரியவரைக் கேட்டால், "அந்தக் காலத்துல நல்லா பெய்யும்" என்பார். எவ்வளவு ஐயா என்றால் கையை விரிப்பார். கையை விரித்து வைத்து எந்தத் திட்டமும் போட முடியாது. தலைவர் அவர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார், எனக்குத் தெரிகிறது, ஆனால் நான் மலையேறி வந்ததே இதற்குத்தான். இந்த மலையின் ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு மழைமானி இருக்க வேண்டும்! ஆய்வுக்கூடம் சூரியனுக்குச் செய்ததை நம் பிள்ளைகள் மழைக்குச் செய்ய வேண்டும்.

பெரிய கருவி வேண்டாம். மரமோ கூரையோ மறைக்காத இடம், புனல், அளவு கோடு போட்ட பாட்டில். வானிலைத் துறை காலை எட்டரைக்கு அளக்கிறது, நாமும் எட்டரைக்கே அளக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் தண்ணீர். ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியாதா? மழை இல்லாத நாளில் பூஜ்யம் என்று எழுத வேண்டும். கட்டத்தை வெறுமனே விட்டால், மழை இல்லையா, வாத்தியார் வரவில்லையா என்று பின்னால் பார்ப்பவனுக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைக்குப் பள்ளிக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் பொறுப்பைக் கொடுங்கள். மேலே மந்திரி முதல் கீழே ஊராட்சி வரை முன்னோக்கு என்று யார் பேசினாலும், அடியில் இந்த நோட்டு இல்லையென்றால் அது டீக்கடைப் பேச்சுதான்.

மூன்றாவது செய்தி பாக்கி. டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் அறிவியல் கொள்கைக்கென்று தனி மையம் இருக்கிறது. இங்கிலாந்தில் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் இதே போன்ற மையம் ஒன்று 1966இலிருந்து நடக்கிறது. இயற்பியல் படித்தவரும் வரலாறு படித்தவரும் போகலாம். விவரம் வேண்டும் தம்பி தங்கைகள் கூட்டம் முடிந்ததும் என்னைப் பிடியுங்கள்.

மழைமானிக்குப் பெயர் கொடுக்கும் பள்ளிகளுக்காக மேடைக்கு இடதுபக்கம் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். பள்ளியின் பெயர், பொறுப்பாசிரியர், எங்கே வைப்பீர்கள் என்ற இடம், மூன்றும் எழுதுங்கள். சித்திரைக்குள் கருவியைச் சேர்ப்பித்தால் கோடை மழையிலேயே ஆரம்பித்துவிடலாம். கடைசி பஸ்ஸுக்குப் போகவேண்டிய கவுஞ்சிக்காரர்கள் முதலில் எழுதிவிட்டுக் கிளம்புங்கள். பொறுமையாகக் கேட்டதற்கு நன்றி. வணக்கம்.