மீன் தசைச் செல்லுக்கு வரும் கட்டளை

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

ஆடோ மாடோ மனிதரோ, பிறக்கும் சமயத்திலேயே தசையிழைகளின் எண்ணிக்கை பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. அதற்குப் பிறகு இருக்கிற இழைதான் பருக்கும். மீன் அப்படி இல்லை. சால்மன், ட்ரவுட் போன்ற மீன்கள் தாம் எட்டக்கூடிய நீளத்தில் சுமார் 40 சதவீதம் வரும்வரை புதிது புதிதாக இழைகளைச் சேர்த்துக்கொண்டே போகின்றன. அதற்கான செல்கள் தசைக்குள்ளேயே காத்திருக்கின்றன. அவற்றைப் பெருகச் சொல்வது எது, இழையாக மாறச் சொல்வது எது என்பதுதான் இன்றைய பேச்சு.

முழு மீனை வைத்துக்கொண்டு இதைப் பிரித்தறிவது கடினம். தீனி, தண்ணீரின் சூடு, ஹார்மோன் எல்லாம் ஒன்றோடொன்று கலந்து வேலை செய்யும். அதனால் செல்லைத் தனியே வளர்க்கிறார்கள். ஸ்பெயினில் பார்சிலோனா பல்கலைக்கழகத்துக் குழு ஒன்று இதில் பல ஆண்டுகள் உழைத்திருக்கிறது. அவர்கள் எடுத்துக்கொண்டது, நம் நீலகிரியில் அவலாஞ்சிப் பண்ணையில் வளர்க்கும் அதே ரெயின்போ ட்ரவுட். சில கிராம் எடையுள்ள குட்டி மீனின் முதுகுப்பக்க வெள்ளைத் தசையை எடுத்து, பொடியாக நறுக்கி, நொதிகளில் கரைத்து, நுண்ணிய வலையில் வடிகட்டினால் தனித்தனிச் செல்கள் கிடைக்கும். லாமினின் என்ற புரதம் பூசிய தட்டில் இட்டு 18 டிகிரியில் வைப்பார்கள். எலிச் செல்லுக்கு ஏற்ற 37 டிகிரியை இது தாங்காது.

முதல் நாள் நுண்ணோக்கியில் தெரிவது சின்னச் சின்னக் கதிர் வடிவங்கள், ஒவ்வொன்றிலும் ஒரே உட்கரு. நாலைந்து நாளில் பெருகிக் கூட்டமாகும். பத்து நாள் வாக்கில் பக்கத்துச் செல்கள் ஒன்றோடொன்று இணைந்து, பல உட்கருக்கள் வரிசைகட்டிய நீண்ட குழல்களாகிவிடும்; தசையிழையின் தொடக்க வடிவம் இதுதான். எலியின் தசைச் செல் இப்படிக் குழலாக வேண்டுமென்றால் செல்லுக்கு ஊட்டமாக ஊற்றும் சீரத்தை, அதாவது இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த தெளிநீரை, வழக்கமாகக் குறைத்துப் பட்டினி போட வேண்டும். ட்ரவுட் செல் 10 சதவீதக் கன்றுக்கரு சீரத்தில் இருந்தபடியே தானாக இணைகிறது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு இது வியப்புதான்.

சரி, செல்லுக்குக் கட்டளை கொண்டுவரும் புரதங்களான வளர்ச்சிக் காரணிகளுக்கு வருவோம். இங்கே முக்கியமானது ஐஜிஎஃப்-1, இன்சுலினுக்கு நெருங்கிய உறவான சிறு புரதம். பாலூட்டிகளின் தசையில் இன்சுலினுக்குத்தான் செல்வாக்கு. மீன் தசையிலோ ஐஜிஎஃப்-1ஐப் பிடிக்கும் ஏற்பிகள், அதாவது செல்லின் மேற்பரப்பில் கட்டளையை வாங்கும் புரதங்கள், இன்சுலின் ஏற்பிகளைவிட அதிகம். எலியை வைத்து எழுதிய பாடத்தை அப்படியே மீனுக்குப் படிக்கக் கூடாது.

ஐஜிஎஃப்-1 ஏற்பியில் ஒட்டியதும் செல்லுக்குள் இரண்டு பாதைகள் திறக்கின்றன. ஒன்று மேப்கைனேஸ் என்ற புரதத்தின் பாதை, பெரும்பாலும் செல்லைப் பெருகத் தூண்டும். இன்னொன்று ஏகேடி, எம்டார் என்ற புரதங்கள் வழியாகப் போய்ப் புதிய புரதம் கட்டச் சொல்லும். சீரம் இல்லாமல் சில மணி நேரம் வைத்த செல்லுக்கு ஐஜிஎஃப்-1 கொடுத்து, சில நிமிடங்களிலேயே அந்தச் செல்லை உடைத்து, இந்தப் புரதங்களில் பாஸ்பேட் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பார்கள்; ஏறியிருந்தால் அந்தப் பாதை விழித்துவிட்டது என்று பொருள். 2006இல் பார்சிலோனா குழு வெளியிட்ட முடிவில், பெருகும் கட்டத்தில் மேப்கைனேஸ் பலமாக விழித்தது; குழலாகும் கட்டத்தில் அதே ஐஜிஎஃப்-1 கொடுத்தும் மங்கியது. ஏகேடி அப்படி மங்கவில்லை. கட்டளை மாறவில்லை, அதைக் கேட்கிற செல்லின் பருவம் மாறியிருக்கிறது. இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்த முடிவு இதுதான்.

அப்புறம், கட்டளை மட்டும் போதாது. புரதம் கட்டுவதற்கான மூலப்பொருளான அமினோ அமிலம் இருக்கிறதா என்றும் எம்டார் பார்க்கும். கொத்தனாரை வரச்சொல்லிவிட்டுச் செங்கல் இறக்காவிட்டால் சுவர் எழும்புமா? பட்டினியில் ஐஜிஎஃப்-1 குறைந்து ஏகேடி அடங்கியதும், ஃபாக்ஸோ என்ற புரதம் உட்கருவுக்குள் நுழைந்து தசையைச் சிதைக்கும் மரபணுக்களை முடுக்கிவிடும். கனடாவின் ஃபிரேசர் ஆற்றில் முட்டையிட ஏறும் சாக்கை சால்மன் வழியில் இரை எடுப்பதில்லை. உடல் கொழுப்பையும் பிறகு தன் தசையையும் கரைத்துத்தான் எதிர்நீச்சல் போடுகிறது.

இன்று இதையெல்லாம் கூர்ந்து படிப்பவர்களில், மீனைக் கொல்லாமல் மீன் இறைச்சி வளர்க்க முயல்பவர்களும் உண்டு. அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகம் 2023இல் அட்லாண்டிக் கானாங்கெளுத்தியிலிருந்து தொடர்ந்து பெருகும் தசைச் செல் வரிசையை உருவாக்கியது. இதில் செலவு வைப்பவை சீரமும் வளர்ச்சிக் காரணிகளும்தான். அதே பல்கலைக்கழகத்தில் 2024இல், மாட்டுத் தசைச் செல்லே எஃப்ஜிஎஃப் என்ற காரணியைத் தனக்குத்தானே சுரக்கும்படி மாற்றிக் காட்டினார்கள். மீனிலும் செய்யலாமே என்று தோன்றும். ஆனால் எஃப்ஜிஎஃப் செல்லைப் பெருக வைக்கும்போதே குழலாவதைத் தடுத்து வைக்கும் இயல்புடையது. ஓயாமல் சுரந்துகொண்டிருந்தால் செல் குவியும், இழை உருவாகாது. மீன் செல்லில் அந்தச் சுரப்பை எந்த நாளில் நிறுத்துவது என்பதை மீன் செல்லிடமேதான் கேட்டறிய வேண்டும்.

நன்றி, வணக்கம்.