முதலில் சோறு, அப்புறம் பாடம்

எல்லாருக்கும் வணக்கம். நம் சிங்கப்பூரில் தேக்காவுக்குக் காய்கறி வாங்க வருகிறவர்களுக்கு நோரிஸ் ரோடு தெரியாமல் இருக்காது. ராமகிருஷ்ண மிஷன் அங்கே நடத்திய சாரதாமணி பெண்கள் பள்ளியில்தான் அந்தக் காலத்துப் பிள்ளைகள் சிலர் தமிழ் படித்தார்கள். என் பாட்டிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. வங்கியில் கைநாட்டு வைத்துவிட்டு, விரலில் ஒட்டிய மையை முந்தானையில் தேய்த்தபடியே வெளியே வருவார், வெள்ளைச் சேலையில் அந்த ஊதாக் கறை எத்தனை தடவை துவைத்தாலும் போகாது. அந்தக் கறை ஞாபகத்தில்தான் இன்றைக்கு சகோதரி சுப்புலட்சுமியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

1886ல் மயிலாப்பூரில் பிறந்தவர். 11 வயதில் கல்யாணம், கொஞ்ச நாளிலேயே கணவர் இறந்துவிட்டார். அன்றைய பிராமண வீடுகளில் அப்புறம் என்ன நடக்கும்? தலையை மழிப்பார்கள், மூலையில் உட்கார வைப்பார்கள், எதிரே வந்தால் சகுனத்தடை என்பார்கள். இவருடைய அப்பா அதற்கு இசையவில்லை, படிக்க வைத்தார். 1911ல் மாநிலக் கல்லூரியில் பட்டம். சென்னை மாகாணத்தில் பட்டம் வாங்கிய முதல் இந்து விதவை இவர்தான்.

என்னைக் கேட்டால், அவருடைய கெட்டிக்காரத்தனம் இதற்கு அப்புறம்தான் தெரிகிறது. வயதுக்கு வந்த பெண்ணை ஆண் வாத்தியாரிடம் அனுப்ப எந்த வீட்டிலும் மனசு வராது, பெண் ஆசிரியர்களோ கிடைப்பதே அபூர்வம், அதனால் பெண்பிள்ளைகளின் படிப்பு பாதியில் நின்றது. இன்னொரு பக்கம் பார்த்தால், வாழ்நாள் முழுக்க அடுப்படியிலேயே கிடக்க வேண்டிய இளம் விதவைகள். சரி, இவர்களையே ஆசிரியர் ஆக்கிவிட்டால் என்ன?

1912ல் எழும்பூரில் பெற்றோர் வீட்டிலேயே நாலு பெண்களோடு சாரதா இல்லத்தைத் தொடங்கினார். பாடம் அப்புறம்தான், முதலில் அவர்களுக்குச் சோறும் படுக்க இடமும் வேண்டும். அவரைப்போலவே இளவயதில் கணவரை இழந்த சித்தி வாலாம்பாள் கூடவே நின்றார். பிள்ளைகள் பெருகியதும் திருவல்லிக்கேணி ஐஸ் ஹவுஸுக்கு மாறினார்கள். ஒரு காலத்தில் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியை வைத்திருந்த கட்டடம் அது, எதிரே கடல். வாசற்படி தாண்டக் கூடாது என்று வளர்க்கப்பட்ட பிள்ளைகளுக்கு அது எப்படி இருந்திருக்கும், யோசித்துப் பாருங்கள். 1922ல் லேடி வெலிங்டன் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி தொடங்கியபோது அதன் முதல் முதல்வரும் இவரே.

சாரதா இல்லம் பிராமண விதவைகளுக்கென்றுதான் தொடங்கியது. அது எனக்கு உறுத்துகிறது, மறைக்க விரும்பவில்லை. ஆனால் அதே கடற்கரையில் மீனவர் குப்பத்துப் பிள்ளைகளுக்கும் அவர் பள்ளிக்கூடம் வைத்தார், அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

என் பாட்டிக்கு அறுபது வயதுக்கு மேல் அம்மாதான் கையெழுத்துப் போடச் சொல்லிக்கொடுத்தார், எங்கள் புளோக் வீட்டுச் சமையலறையில், ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம். பெயரில் வரும் 'மீ' மட்டும் வசப்பட ஒரு வாரம் ஆனது. அடுத்த தடவை வங்கியில் மைப்பெட்டியை நீட்டியபோது பாட்டி பேனா கேட்டு வாங்கினார்.