அப்பத்தாவின் சீலை எந்த ஆல்பத்தில் இருக்கிறது?

நடுவர் ஐயா அவர்களே, எனக்கு முன்னால் அழகாகப் பேசி அமர்ந்திருக்கும் எதிரணி அண்ணன் அவர்களே, பொங்கல் வேலைகளுக்கு நடுவிலும் வந்து உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

'விவசாயக் குடும்பத்தின் நினைவை அடுத்த தலைமுறைக்குக் கொண்டு சேர்ப்பது புகைப்பட ஆல்பமா, கையால் தைத்த துணிப் பொம்மையா?' இதுதான் இன்றைய தலைப்பு. துணிப் பொம்மைதான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

அண்ணன் ஒரு கேள்வி கேட்டார். "படத்தில் முகம் இருக்கிறது, பொம்மையில் யார் முகம் இருக்கிறது?" என்றார். கைதட்டலும் வாங்கினார். நல்ல கேள்விதான், முதலில் அதற்கே வருகிறேன்.

படத்தில் முகம் இருக்கிறது, சரி. எந்த நாள் முகம்? நம் ஊர்களில் கேமரா எப்போது வந்தது? கல்யாணத்துக்கு வந்தது, காதுகுத்துக்கு வந்தது. போட்டோ எடுத்தால் ஆயுசு குறையும் என்று ஒதுங்கி நின்ற பெண்கள் எத்தனை பேர்! 1993-இல் வாக்காளர் அடையாள அட்டை கொடுக்க ஆரம்பித்த பிறகுதான் பல கிழவிகள் முதன்முதலாகக் கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். அவர்கள் கண்ணை மூடியதும் வீட்டில் படம் தேடுவார்கள், கிடைக்காது. கடைசியில் அந்த அட்டையை ஸ்டுடியோவில் கொடுத்துப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, மாலை போடுவார்கள். இந்தக் கூட்டத்தில் பாதி வீட்டுச் சுவரில் அந்தப் படம்தான் இருக்கும். அண்ணே, அதுவா அவர்கள் வாழ்ந்த வாழ்க்கை? களை வெட்டியது, பருத்தி எடுத்தது, மாட்டுக்குத் தண்ணி காட்டியது, இதில் எதற்காவது படம் இருக்கிறதா?

நான் சாத்தூர்ப் பக்கம், கரிசல் காட்டுக்காரி. எங்கள் அப்பத்தா கட்டியது கண்டாங்கி. புதுச் சீலை பொங்கலுக்கு வரும். நல்லது கெட்டதுக்கு என்று கொஞ்ச காலம் பெட்டியில் இருக்கும். சாயம் கொஞ்சம் மங்கியதும் காட்டுக்குப் போகும். வெயில், வேர்வை, கரிசல் மண், எல்லாம் பட்டு நைந்து, பூப்போல ஆகிவிடும். அப்படி ஆன பிறகுதான் அதற்கு வீட்டில் மதிப்பே கூடும். பிறந்த பிள்ளையைப் புதுத் துணியிலா சுற்றுவோம்? அப்பத்தாவின் பழஞ்சீலையில்தானே சுற்றுவோம். அதே சீலை உத்தரத்தில் தூளியாகத் தொங்கும். வேப்ப மரத்து நிழலிலும் தொங்கும். தூளி கிழிந்தால் ஒரு துண்டு அடுப்படிக்குக் கரித்துணியாகப் போகும், ஒரு துண்டு விளக்குக்குத் திரியாகப் போகும், கரை ஓடிய நல்ல துண்டு பொம்மைக்கு வரும்.

அது எப்படி வரும் என்பதையும் சொல்கிறேன், இங்கே இருக்கும் சின்னப் பிள்ளைகள் பார்த்திருக்க மாட்டார்கள். கரிசலில் பருத்தி வானம் பார்த்த பயிர். ஐப்பசி மழையை நம்பி விதைப்பார்கள், மாசி பங்குனியில் வெடிக்கும். கடைசி எடுப்பும் முடிந்தபிறகு செடியில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் காய் வெடித்து நிற்கும். அதைப் பிள்ளைகள் பொறுக்கி மடியில் கட்டி வருவோம். அப்பத்தா திண்ணையில் உட்கார்ந்து, கையாலேயே கொட்டையைப் பிரித்து எடுப்பாள். கொட்டை மாட்டுக்கு. பஞ்சு பொம்மைக்கு. ஒரு உருண்டையைத் துணியில் வைத்து முறுக்கி, கழுத்தில் நூலைச் சுற்றினால் தலை. சுருட்டிய துணி இரண்டு கை. கண்ணுக்குக் கறுப்பு நூலில் இரண்டு தையல். சீலைக் கரையைக் கிழித்துப் பொம்மைக்குச் சீலை கட்டிவிட்டால் அது எங்கள் வீட்டு ஆள்.

ஐயா, இந்தப் பொம்மையின் துணி எங்கள் அப்பத்தா உழைத்தபோது உடுத்தியது. உள்ளே இருக்கும் பஞ்சு எங்கள் காட்டில் விளைந்தது. தையல் அவள் கை போட்டது. அண்ணன் கேட்ட முகத்துக்கு என் பதில் இதுதான். எங்கள் தூளி, எங்கள் காடு, எங்கள் அப்பத்தாவின் வேலை நாள், இத்தனையும் அந்தப் பொம்மைக்குள் இருக்கின்றன. படத்தைப் பார்த்தால் ஒரு விசேஷ வீட்டில் நடந்த அரை நொடி தெரியும். அதையும் நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் விவசாயக் குடும்பத்தின் நினைவு என்று தலைப்பில் இருக்கிறதே, அந்த விவசாயம் ஆல்பத்தில் எங்கே?

அடுத்தது, "துணி மக்கிப்போகும், எலி கடிக்கும்" என்றார்கள். எலி கடிக்கும்தான். கொட்டைக்காகத்தான் எலி வரும், அதனால்தான் அப்பத்தா கொட்டையைப் பிரித்தாள். மக்குவதைப் பற்றியும் பேசுவோம். லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில் எகிப்திலிருந்து போன ஒரு துணிப் பொம்மை இருக்கிறது. ரோமானியர் எகிப்தை ஆண்ட காலத்தது, கி.பி. முதல் நூற்றாண்டுக்கும் ஐந்தாம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டது என்கிறார்கள். மேலே லினன் துணி, உள்ளே கந்தலும், பாப்பிரஸ் என்ற நாணல் தாளின் துண்டுகளும். கந்தலை அடைத்துப் பிள்ளைக்குப் பொம்மை செய்யும் பழக்கம் எவ்வளவு பழசு, பாருங்கள். அந்த நாட்டு வறண்ட மண் அதைக் காப்பாற்றியது, உண்மை. நம் வீட்டில் அதைக் காப்பாற்றுவது கை. நைந்த இடத்தில் அம்மா தன் சீலையை வைத்துத் தைப்பாள், அப்புறம் மகள் தன் தாவணித் துணியை வைத்துத் தைப்பாள். மூன்று தலைமுறை ஒரே பொம்மையில் ஏறிவிடும். 1980-களில் எடுத்த கலர்ப் படத்தை இன்று எடுத்துப் பாருங்கள், சிவந்து, பக்கத்தோடு ஒட்டிப்போய்க் கிடக்கும். அதன் மேல் யார் தையல் போட முடியும்?

இது நம் ஊர்ப் பெருமை மட்டும் இல்லை. 1930-களில் அமெரிக்காவில் பெரும் பொருளாதார வீழ்ச்சி. பண்ணை வீடுகளுக்கு மாவும் கோழித் தீவனமும் பருத்திச் சாக்குகளில் வரும். அந்தப் பெண்கள் சாக்கை ஊறவைத்துக் கம்பெனிப் பெயரைத் துவைத்துப் போக்கி, பிள்ளைகளுக்குக் கவுன் தைத்தார்கள். மிஞ்சிய துணியில் பொம்மை தைத்தார்கள். இதைக் கவனித்த ஆலைகள் பூப்போட்ட சாக்குகளிலேயே மாவை அனுப்ப ஆரம்பித்தன. சில சாக்குகளில், வெட்டித் தைத்துக்கொள்ளச் சொல்லிப் பொம்மை உருவத்தையே அச்சடித்தார்கள். கண்காணாத அந்த ஊர்த் தாய்க்கும் எங்கள் அப்பத்தாவுக்கும் ஒரே யோசனை தோன்றியிருக்கிறது என்று நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைகிறது. நம் சங்கப் பாடல்களிலும் பெண்பிள்ளைகள் பஞ்சாய்க் கோரை என்ற கோரைப்புல்லில் பாவை செய்து விளையாடுகிறார்கள். பக்கத்தில் விளைந்ததை எடுத்துத்தான் எல்லோரும் செய்திருக்கிறார்கள்.

"ஒரு பொம்மை பெரிய துயரத்தையெல்லாம் தாங்குமா?" என்று எதிரணித் தங்கை கேட்டாள். தாங்கும், அம்மா. 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு ஆரோவில்லில் இருக்கும் உபாசனா என்ற நிறுவனம் மீனவப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, மிச்சத் துணியில் விரலளவு பொம்மை செய்ய வைத்தது. பேர் சுனாமிகா. அதை விலைக்கு விற்பதில்லை, பரிசாகத்தான் கொடுக்கிறார்கள். கடலால் எல்லாவற்றையும் இழந்த பெண்களின் கையில் பிறந்த அந்தப் பொம்மை பல நாடுகளுக்குப் போயிருக்கிறது. அந்த நாட்களின் படங்களையும் நாம் பார்த்தோம். பார்க்க முடியாமல் கண்ணைத் திருப்பிக்கொண்டோம். சுனாமிகாவை வாங்கியவர்கள் பையில் மாட்டிக்கொண்டு போனார்கள்.

பொம்மை என்றால் பெண்பிள்ளை விளையாட்டு, ஆண்களின் நினைவு அதில் எங்கே என்றும் ஒரு வாதம் வந்தது. சோளக்கொல்லையில் நிற்கும் பொம்மையை மறந்துவிட்டார்களா? அதற்குப் போட்டது தாத்தாவின் கிழிந்த சட்டை. தாத்தா போன பிறகும் அந்தச் சட்டை காட்டில் நின்று குருவி விரட்டியது. வரப்பில் போகிறவர்கள் அதைப் பார்த்துத் தாத்தாவைப் பற்றிப் பேசிக்கொண்டு போவார்கள்.

பேச்சு என்று சொன்னேனே, அதுதான் எனக்கு மிக முக்கியம். ஆல்பத்தைத் தனியாக உட்கார்ந்து புரட்டிவிடலாம். பொம்மை தைக்கத் தனியாக உட்கார முடியாது. ஊசியில் நூல் கோக்கச் சின்னக் கண்ணு வேண்டும், பஞ்சு பிரிக்க இன்னொரு கை வேண்டும். கை வேலையாக இருக்கும்போது வாய் சும்மா இருக்காது. எந்த வருஷம் மழை பொய்த்தது, எந்தக் கடனுக்கு எந்த மாட்டை விற்றோம், ஆத்தா எப்படி அந்தக் கிணறு வெட்டச் சம்மதித்தாள், இதையெல்லாம் நான் கேட்டது பொம்மை தைத்த திண்ணையில்தான். இன்று என் மகளுக்கு நான் சொல்வதும் அதே பொம்மையைப் பிரித்துத் தைக்கும்போதுதான்.

நடுவர் ஐயா, தீர்ப்புக்கு முன்னால் எதிரணியிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள். உங்கள் அப்பத்தாவோ அம்மாச்சியோ காட்டில் குனிந்து வேலை செய்யும் படம் உங்கள் ஆல்பத்தில் ஒன்றாவது இருக்கிறதா? இருந்தால் இங்கே எடுத்துக் காட்டட்டும். அவர்கள் சொல்லும் பதிலை வைத்தே நீங்கள் தீர்ப்புச் சொல்லலாம். வணக்கம்.