குறிஞ்சியும் எலி மாதிரி ஒரு பிராணியும்

வணக்கம் நேயர்களே. குறிஞ்சிப் பூவைப் பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள், நான் கூடவே எலி மாதிரி ஒரு பிராணியையும் கூட்டி வந்திருக்கிறேன். கொஞ்சம் பொறுங்கள், காரணம் இருக்கிறது.

2006-ல் கொடைக்கானல் பக்கம் குறிஞ்சி பார்க்கப் போனேன். நாள் முழுக்க மூடுபனி, பக்கத்தில் நின்றவர் முகமே தெரியவில்லை, பூவுக்கு எங்கே போவது? சலித்துப்போய் இறங்கும்போது ஒரு வளைவில் பனி விலகியது பாருங்கள், சரிவு மொத்தமும் நீலம்! கேமராவை எடுப்பதற்குள் மூடிக்கொண்டது. சரி, 2018-ல் மூணாறில் பார்த்துக்கொள்ளலாம் என்று பன்னிரண்டு வருஷம் காத்திருந்தேன். அந்த ஆகஸ்டில்தான் கேரளத்தில் வெள்ளம். இனி 2030.

நான் காத்திருந்தது இருக்கட்டும், அந்தச் செடி காத்திருந்ததை நினையுங்கள். பன்னிரண்டு வருஷம் சேர்த்ததையெல்லாம் ஒரே பூப்பில் கொட்டி, விதை விட்டு, செத்துப்போகிறது. அதுவும் ஒன்றிரண்டு இல்லை, சரிவே ஒன்றாக.

இப்போது அந்தப் பிராணி. ஆஸ்திரேலியாவில் ஆன்டிகைனஸ் என்று ஒன்று, பார்த்தால் எலி, உறவு முறையில் கங்காரு பக்கம். ஆணுக்கு ஆயுள் ஒரு வருஷம்கூட முழுசாக இல்லை. இரண்டு மூன்று வாரம்தான் கூடும் காலம், அதில் ஒரு கூடலே பல மணி நேரம் நீளும். குறிஞ்சித் திணைக்குப் புணர்தல் என்று வகுத்தவர்கள் இதைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்களோ! அந்த வாரங்களில் பதற்றத்துக்கான ஹார்மோன் உடம்பில் ஏறி இறங்காமலே நின்றுவிடுகிறது, நோய் எதிர்ப்பு படுத்துவிடுகிறது, வயிற்றில் புண் வந்து ரத்தம் கசிகிறது, அப்புறம் அந்தக் காட்டில் ஓர் ஆண்கூட மிஞ்சுவதில்லை. காயடித்த ஆண்கள் பிழைத்திருக்கின்றன.

ஆனால் பெண் சாவதில்லை, குட்டிகளுக்குப் பால் கொடுக்க வேண்டுமே. சில பெண்கள் அடுத்த வருஷமும் ஈனுகின்றன. குறிஞ்சி விதைக்குப் பால் வேண்டாம், அதனால் தாய்ச் செடி போய்விடலாம். எனக்கு இரண்டுக்கும் நடுவே தெரிகிற பெரிய வித்தியாசம் இதுதான்.

ஒன்றாகப் பூப்பது எதற்கு என்று கேட்பீர்கள். விதை தின்னிகள் எவ்வளவு தின்றாலும் மிச்சம் இருக்கும், அதற்காக இருக்கலாம் என்கிறார்கள். இதற்கு மிசோரம் மூங்கிலைச் சொல்ல வைத்திருந்தேன், 48 வருஷத்துக்கு ஒருமுறை பூக்கும், அந்த விதையைத் தின்று எலிகள் பெருகி, விதை தீர்ந்ததும் வயலில் இறங்கி, 1959-ல் பஞ்சமே... கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், நேரம் முடிந்தது. வணக்கம்.